ரத வீதிக் கடையில் ஒரு டேப்லெட்: பணியாளர் கணக்கை மேனேஜருக்கு எப்படிக் காட்டுவது?

நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் மாடி மாடியாக நிற்கும் ஜவுளிக் கடைகளில், மேனேஜர் வேலை என்பது நாள் முழுக்க நின்றும் நடந்தும் பார்க்கிற வேலை. பட்டுப் பிரிவில் ஒரு கல்யாண வீட்டார் கவனிக்க ஆளில்லாமல் நிற்பதைக் கண்டால் ரெடிமேட் பிரிவிலிருந்து ஒருவரை மேலே அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முதலில் யார் போவது, அடுத்து யார் போவது என்று பிரித்துவிட வேண்டும். கேட்ட அளவில் சட்டை கிட்டங்கியில் கிடக்கிறதா என்று பார்த்துவர ஆள் விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் முதல் முறையாக முகூர்த்தப் புடவை எடுத்துப் போடுகிறாள் என்றால் பக்கத்தில் அனுபவம் உள்ள ஒருவரை நிறுத்த வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருப்பவரின் கைக்கு இப்போது டேப்லெட் வருகிறது. பில் போடும் கணினியிலிருந்து கணக்கு அதற்குள் வந்துவிடும். எந்தப் பணியாளர் இன்று எவ்வளவு விற்றார் என்பதை உடனுக்குடன் காட்டும். கணக்கை ஒரே பார்வையில் சுருக்கிக் காட்டும் இத்தகைய திரைகளில், அதாவது டேஷ்போர்டுகளில், பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் காண்கிறோம். பெயர்கள் வரிசையாக நிற்கும். மேலே உள்ளவர்கள் பச்சை, கீழே உள்ளவர்கள் சிவப்பு. பக்கத்தில் முள் வைத்த வட்டங்கள் இரண்டு மூன்று, இலக்கில் எத்தனை சதவீதம் எட்டியது என்று காட்டும். இதை மாற்றி அமைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் நிறம், எழுத்து, வட்டத்தின் அழகு என்றே பேச்சு போகிறது. நான் சொல்ல வருவது வேறு. தளத்தில் நடந்துகொண்டே பார்க்கும் திரையில் தனிநபர் தரவரிசை இருக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்வதே மறுவடிவமைப்பின் முதல் வேலை.

நெல்லைச் சீமையில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்க் கடைகளில் தொடங்கி சென்னை தியாகராய நகர் வரை, கடை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஒரு திரையில் யாரோ தீர்மானித்த கணக்கு முறை, அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தையும் இன்சென்டிவையும் (விற்பனைக்கான ஊக்கத்தொகையையும்) மாலையில் வாங்கும் திட்டையும் தீர்மானிக்கிறது.

மணிக் கணக்கும் மாதக் கணக்கும்

ஒரு தரவைத் திரையில் வைப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைப் பார்த்து மேனேஜர் என்ன செய்வார்? காலை 11.30 மணிக்குத் தரவரிசையில் கடைசியில் ஒரு பெயரைப் பார்க்கிறார். அடுத்த கால் மணி நேரத்தில் அவரால் செய்யக்கூடியது என்ன? அந்தப் பெண்ணிடம் போய் "என்னம்மா, இன்னும் கணக்கு ஏறவில்லையே" என்று கேட்கலாம். அதனால் கணக்கு ஏறப் போவதில்லை. வாடிக்கையாளர் முன்னால் அந்தப் பெண்ணின் முகம் வாடுவதுதான் மிச்சம். அதே நேரத்தில் "சுடிதார் பிரிவில் 9 பேர் நிற்கிறார்கள், கவனிக்க 2 பேர்தான் இருக்கிறார்கள்" என்று திரை சொன்னால், அவர் உடனே ஆளை நகர்த்துவார். முதலாவது தகவல் ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது, தளத்தின் நிலை. நடக்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

மேனேஜர் எடுக்கும் முடிவுகளைக் கால அளவின்படி பிரித்தால் இது இன்னும் தெளிவாகும். ஆளை மாற்றுவது, சாப்பாட்டுக்கு அனுப்புவது, கிட்டங்கியிலிருந்து சரக்கு வரவழைப்பது எல்லாம் மணிக்கு மணி நடப்பவை. நாளை யாருக்கு விடுமுறை, எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்பது மாலையில் ஒருமுறை பார்ப்பது. இன்சென்டிவ், பயிற்சி, சம்பள உயர்வு என்பவை மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. மாதத்துக்கு ஒருமுறை யோசிக்க வேண்டியதை நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் காட்டினால் அவசரத் தீர்ப்புகள்தான் பிறக்கும்.

ஆகவே மூன்று தனித்தனித் திரைகள் வேண்டும் என்பேன். நடக்கும்போது ஒன்று, மாலையில் ஒன்று, மாத முடிவில் ஒன்று. மூன்றாவது டேப்லெட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. அலுவலக அறையில் இருக்கும் கணினி போதும்.

தரவரிசை ஏன் பொய் சொல்கிறது

தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் யார் மேலே வருவார் என்பது பெரும்பாலும் அவர் எந்தப் பிரிவில் நிற்கிறார் என்பதாலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: பட்டுப் பிரிவில் நிற்பவர் 8 குடும்பங்களைக் கவனித்து 1,20,000 ரூபாய்க்கு விற்கிறார். வேட்டி, துண்டு, உள்ளாடைப் பிரிவில் நிற்பவர் 60 பேரைக் கவனித்து 18,000 ரூபாய்க்கு விற்கிறார். யார் அதிகம் உழைத்தார்? தொகை இதற்குப் பதில் சொல்லாது. ஒருவரை அவரது பிரிவின் வழக்கமான அளவோடும், அதே பிரிவில் அதே நேரத்தில் நின்றவர்களோடும்தான் ஒப்பிட முடியும்.

சதவீதத்துக்கு மாறினால் நியாயம் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். எத்தனை பேரைக் கவனித்தார், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது நல்ல அளவுகோல்தான். ஆனால் எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அது ஆட்டம் போடும். 20 பேரைக் கவனித்து 10 பேர் வாங்கினால் 50 சதவீதம். புள்ளியியல் வாய்ப்பாட்டின்படி, அந்த 50 என்ற எண்ணின் பின்னால் இருக்கும் உண்மையான திறன் ஏறத்தாழ 28 முதல் 72 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 200 பேரைக் கவனித்த பிறகுதான் அந்த இடைவெளி 43க்கும் 57க்கும் இடையில் சுருங்குகிறது. ஒரு நாளில், அதுவும் ஒரு காலைப் பொழுதில், எந்தப் பணியாளரும் 200 பேரைக் கவனிப்பதில்லை. எனவே 45 சதவீதம் எடுத்தவரைச் சிவப்பிலும் 55 சதவீதம் எடுத்தவரைப் பச்சையிலும் காட்டும் திரை, தற்செயலைத் திறமை என்று அறிவிக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங். அவருடைய பயிற்சி வகுப்புகளில் ஒரு பெட்டி இருக்கும். அதில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும். 50 குழிகள் உள்ள ஒரு துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி குறையாகத் தயாரான பொருள், வெள்ளை மணி நல்ல பொருள் என்று வைத்துக்கொள்வார். வகுப்பில் இருப்பவர்களையே தொழிலாளர்களாக நிறுத்தி, குறைவான சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுவார். அதிகம் எடுத்தவரைக் கண்டிப்பார். ஒருவருக்கு 5 வரும், இன்னொருவருக்கு 14 வரும், அடுத்த சுற்றில் தலைகீழாக மாறும். பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்பதால் சராசரி 10ஐ ஒட்டியே நிற்கும். தொழிலாளியின் கையில் எதுவும் இல்லை. பெட்டியை நிரப்பியவர் நிர்வாகி. ஜவுளிக் கடையில் அந்தப் பெட்டி என்பது எந்தப் பிரிவு, எந்த நேரம், என்ன சரக்கு, எத்தனை கூட்டம் என்பவற்றின் தொகுப்பு. அவற்றை அமைப்பவர் மேனேஜரும் முதலாளியும்தான்.

டெமிங்குக்கு வழிகாட்டியாக இருந்தவர் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற புள்ளியியலாளர். நெல்லையில் ஆர்.எம்.கே.வி. ஜவுளிக் கடை தொடங்கப்பட்ட அதே 1924இல்தான் அவர் தன் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதலில் வரைந்து காட்டினார். இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் எதற்கும் தனியாகக் காரணம் தேடாதே, கோட்டைத் தாண்டினால் மட்டும் போய்ப் பார் என்பது அதன் பொருள். நூறாண்டு பழைய இந்தக் கருத்து இன்றைய டேப்லெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. மாதத் திரையில் ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு புள்ளி. அதைச் சுற்றி இயல்பான ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு பட்டை. பட்டைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே சாம்பல் நிறம். அவர்களுக்குள் முதல், இரண்டாம், கடைசி இடம் கிடையாது. பட்டைக்கு வெளியே தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் நிற்பவர் இருந்தால் அவருக்கு மட்டும் நிறம் கொடுக்கலாம். மேலே நிற்பவரிடம் கற்றுக்கொள்ளப் போகலாம். கீழே நிற்பவரிடம் என்ன இடைஞ்சல் என்று விசாரிக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், விற்பனை யார் கணக்கில் ஏறுகிறது என்பது. திசையன்விளையிலிருந்தோ வீரவநல்லூரிலிருந்தோ ஒரு கல்யாணக் குடும்பம் வேன் பிடித்து வருகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பெரியம்மா, அத்தை எல்லாருமாகப் பாயில் உட்காருகிறார்கள். ஒருவர் புடவை எடுத்துப் போடுகிறார். ஒருவர் அலமாரிக்கும் பாய்க்கும் நடக்கிறார். விரித்துக் குவிந்ததை இன்னொருவர் மடித்துக்கொண்டே இருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்துப் பில் விழும்போது அதில் ஏறுவது ஒரே பணியாளர் எண். மடித்தவருக்கு அன்று திரையில் சுழியம். மடிக்காவிட்டால் அடுத்த குடும்பத்துக்குக் காட்டப் புடவையே இருக்காது என்பது அந்தத் தளத்தில் எல்லாருக்கும் தெரியும், டேஷ்போர்டைத் தவிர.

இந்த எண்ணோடு பணத்தையும் கட்டினால் நடப்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நாலு பேராக வரும் குடும்பத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஓடுவார்கள்; ஒரு ஜாக்கெட் துணி கேட்டுத் தனியாக வரும் பாட்டியை யாரும் கவனிக்கமாட்டார்கள். மடிக்க ஆள் கிடைக்காது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் தன் எண் ஏறாது என்பதால் மூத்தவர் ஒதுங்கிவிடுவார். ஓர் அளவையை இலக்காக மாற்றினால் அது அளவையாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்று கூறும் விதி, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. அவர் அதை 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னார். ஜவுளிக் கடைக்கும் அது அப்படியே பொருந்தும்.

தீர்வு பில்லிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு பில்லில் மூன்று பணியாளர் எண்கள் வரை போட இடம் வேண்டும். பெரிய பிரிவுகளில் தனிநபருக்குப் பதிலாகக் குழுவையே அலகாக எடுத்துக்கொண்டு, இன்சென்டிவையும் குழுவுக்கே கொடுப்பது இன்னும் நல்லது. திரையின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே வரும் கணக்கு நேர்மையாக இல்லாவிட்டால் வெளியே தெரியும் வரைபடம் எத்தனை நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். சரக்கு இல்லாமல் போன விற்பனை. 42 அளவு வெள்ளைச் சட்டை கேட்டு மூன்று பேர் வந்து திரும்பிப் போனால், அது பணியாளரின் தோல்வியாகப் பதிவாகிறது. "கேட்டார்கள், இல்லை" என்று பதிய ஒரு பொத்தான் போதும். அளவையும் நிறத்தையும் தொட்டால் முடிந்தது. மேனேஜரின் முகப்புத் திரையில் இந்தப் பட்டியல் இருந்தால் கிட்டங்கிக்கு ஆள் போகும், கொள்முதலுக்குத் தகவல் போகும். என்னைக் கேட்டால் முழு டேஷ்போர்டிலும் இதுவே அதிக வருமானம் தரக்கூடிய பகுதி. பணியாளர் செயல்திறன் என்று தனியாக ஒன்றைத் தேடுவதைவிட, அவர் கையைக் கட்டிப்போடுவது எது என்று தேடுவது பலன் தரும்.

நாட்காட்டி

"சென்ற ஆண்டு இதே வாரம்" என்ற ஒப்பீடு வெளிநாட்டு மென்பொருள்களில் ஊறிப்போன வழக்கம். அங்கே கிறிஸ்துமஸ் நகர்வதில்லை. நமக்கு அப்படியா? தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2024 நவம்பர் முதல் வாரத்தை 2023 நவம்பர் முதல் வாரத்தோடு ஒப்பிட்டால், தீபாவளி முடிந்த வாரத்தைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுகிறோம். கடை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். யாரும் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார்கள்.

ரம்ஜான் இன்னும் வேகமாக நகரும். 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் மக்கள் துணி எடுக்க வரும் கடைகளுக்கு அது பெரிய வேறுபாடு. ஆடித் தள்ளுபடி மட்டும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் மாதத்தோடு ஒட்டியிருப்பதால் ஓரளவு நிலையானது. முகூர்த்த நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாளையங்கோட்டைப் பக்கம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணி எடுப்பு உண்டு. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் தேர் வரும். அன்று வண்டி கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்க முடியாது.

ஆகவே ஒப்பீட்டுக்கு அடிப்படை, தேதியாக இருக்கக் கூடாது. "தீபாவளிக்கு 10 நாள் முன்பு" என்பதைச் சென்ற ஆண்டின் "தீபாவளிக்கு 10 நாள் முன்பு" என்பதோடு ஒப்பிட வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிற்றை அதுபோன்ற இன்னொரு ஞாயிற்றோடு ஒப்பிட வேண்டும். இதற்குக் கடையின் கணக்குப்பிள்ளை ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தைப் பார்த்து நாட்களுக்கு அடையாளம் போட்டுத் தந்தால் போதும். ஒரு பிற்பகல் வேலை.

அடையாளம் போட்டு ஒதுக்க வேண்டிய நாட்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், தாமிரபரணியில் வெள்ளம், நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர். அந்த வாரத்தை ஒதுக்காமல் 2024 டிசம்பரில் ஒப்பீடு போட்டால், எல்லாருமே பிரமாதமாக விற்றுவிட்டதாகத் திரை சொல்லும். சிவப்பு எப்படித் தவறாக வருகிறதோ அப்படியே பச்சையும் தவறாக வரும். அந்தப் பச்சையை நம்பி அடுத்த ஆண்டு இலக்கை உயர்த்தினால் அந்தச் சுமை பணியாளர் தலையில்தான் விழும்.

திரை எப்படி இருக்க வேண்டும்

நடக்கும் திரையில் கடையின் தளப்படம் இருக்கட்டும். ஒவ்வொரு பிரிவும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்று செய்திகள்: இப்போது எத்தனை பணியாளர் நிற்கிறார்கள், எத்தனை வாடிக்கையாளர் காத்திருக்கிறார்கள், என்ன சரக்கு கேட்டு இல்லை என்றார்கள். வழக்கத்தைவிட நெருக்கடி உள்ள கட்டம் மட்டும் அழுத்தமான நிறத்தில் தெரியட்டும். காத்திருப்போர் எண்ணிக்கை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பிரிவுப் பொறுப்பாளர் தன் போனில் "ஆள் வேண்டும்" என்று ஒரு முறை தொட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்காகக் கேமரா பூட்டி முகங்களை எண்ண வேண்டிய அவசியமில்லை. கட்டத்தைத் தொட்டால் அங்கே நிற்பவர்களின் பெயர்கள் வரும். பெயருக்குப் பக்கத்தில் விற்பனைத் தொகை வேண்டாம். காலை எத்தனை மணிக்கு வந்தார், சாப்பிட்டாரா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவை இருக்கட்டும். முக்கூடலுக்கோ சேரன்மகாதேவிக்கோ போக வேண்டிய பெண்ணை இரவு எத்தனை மணி வரை கல்லாப் பக்கம் நிறுத்தலாம் என்பது மேனேஜர் அன்றாடம் எடுக்கும் முடிவு. அதற்கான தகவல் அவர் கையில் இருக்க வேண்டும்.

முள் வைத்த வட்டங்களை முழுவதுமாக நீக்கிவிடலாம். புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலின் மேல் உள்ள புள்ளிகளின் இடத்தை ஒப்பிடும்போதுதான் மனிதக் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது என்று காட்டினார்கள். கோணத்தையும் பரப்பையும் கணிப்பதில் தவறு அதிகம். முள்ளும் வட்டமும் கோணத்தை நம்பியவை. இடத்தையும் அதிகம் பிடிக்கும். கோட்டின் மேல் ஒரு புள்ளி போதும்.

டேப்லெட்டை மேனேஜர் இடக்கையில் ஏந்திக்கொண்டு வலக்கையால் தொடுவார், அதுவும் நடந்துகொண்டே. எனவே பொத்தான்கள் பெரிதாக வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்கள் கேட்கும் குறைந்த அளவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். நான் அதைவிடப் பெரிதாக வைக்கச் சொல்வேன். நகைக்கும் பட்டுக்கும் போடும் வெளிச்சத்தில் வெளிறிய சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது, ஆகவே எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நல்ல வேறுபாடு வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை ஆண்களிடம் அரிதல்ல என்பதால் நிறத்தோடு ஒரு குறியும் சேர வேண்டும்.

தமிழில் காட்டும்போது கூடுதல் கவனம் தேவை. ஆங்கில எழுத்துக்கு அளந்து செய்த கட்டத்தில் தமிழைப் போட்டால் மேல் சுழியும் கீழ்க் கொம்பும் வெட்டுப்படும். நீளமான சொற்கள் பாதியில் நின்று மூன்று புள்ளியோடு முடியும். வரி இடைவெளியைக் கூட்டி, கட்டத்தைத் தமிழுக்கு அளந்தே செய்ய வேண்டும். தொகையை 1,24,500 என்றோ 1.25 லட்சம் என்றோ காட்ட வேண்டும். ஆயிரத்தில் எண்ணும் வெளிநாட்டு வழக்கம் கடையில் யாருக்கும் உதவாது. பெயர் விஷயம் இன்னும் முக்கியம். நெல்லைப் பக்கத்துக் கடை ஒன்றில் இசக்கியம்மாள் என்று மூன்று பேர், மாரியம்மாள் என்று நான்கு பேர், சுடலைமுத்து இரண்டு பேர் இருப்பது சாதாரணம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்கும் மென்பொருள், அப்பா பெயரைத் தனியாகப் போட்டுக் குழப்பும். அடையாள அட்டையில் உள்ளபடி தலைப்பெழுத்தோடு, சிறிய படத்தையும் சேர்த்துக் காட்டினால் ஒருவர் கணக்கு இன்னொருவர் தலையில் ஏறாது.

கணக்கு எப்போது வந்தது என்ற நேரமும் திரையில் எப்போதும் தெரிய வேண்டும். கான்கிரீட் தளங்களுக்கு இடையில் வைஃபை திணறும். மூன்றாம் மாடியின் பில்கள் 11.10க்குப் பிறகு வந்து சேரவில்லை என்றால், 11.40க்குப் பார்க்கும் மேனேஜர் மூன்றாம் மாடியில் அரை மணி நேரமாக யாரும் எதையும் விற்கவில்லை என்றே நினைப்பார். "11.10 வரையிலான கணக்கு" என்று ஒரு வரி எழுதினால் ஒரு வீண் சண்டை தவிரும்.

யார் பார்க்கலாம், எதை அளக்கவே கூடாது

டேப்லெட் மேனேஜரின் கையில் மட்டும் இருப்பதில்லை. கல்லா மேஜையில் கிடக்கும், பில் கவுண்டரில் கிடக்கும். யார் எவ்வளவு பின்தங்கினார் என்பது சக பணியாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெரியும்படி கிடப்பது அவமானம். தனிநபர் கணக்கு கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நபருக்கு அது மறைவாக இருக்கக் கூடாது. தன்னைப் பற்றி மேனேஜர் பார்க்கும் அதே எண்ணை அதே வடிவத்தில் பணியாளரும் தன் போனில் பார்க்க வேண்டும். "இந்தப் பில் என்னுடையது, வேறொருவர் எண்ணில் ஏறிவிட்டது" என்று சொல்ல ஒரு வழியும், அதற்கு எத்தனை நாளில் பதில் வரும் என்ற உறுதியும் வேண்டும். 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகப் பணியாளரின் தரவைத் தனி ஒப்புதல் இல்லாமலும் கையாள இடம் தருகிறது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் சேகரிக்க வேண்டியதில்லை. எந்த முடிவுக்கும் பயன்படாத தரவைச் சேகரிக்காமல் இருப்பதே நல்லது.

சேகரிக்கக் கூடாதவற்றில் முதலாவது, "சும்மா இருந்த நேரம்". இதை அளக்க முனையும் மென்பொருள்கள் இருக்கின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது அதுதான். அதில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. பணியாளர்களுக்குக் கடையில் இருக்கை தர வேண்டும், வேலையின் இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்றது அந்தத் திருத்தம். கேரளம் இதற்கு முன்பே 2018இல் செய்தது. நாள் முழுக்க நின்றே கால் நரம்பு சுருண்டுபோன பெண்களின் வேதனையிலிருந்து வந்த உரிமை அது. உட்கார்ந்த நேரத்தைச் சிவப்பில் காட்டும் திரை, சட்டம் தந்த நாற்காலியைக் கணக்கின் பெயரால் பறிக்கிறது. அந்தக் கட்டத்தை வடிவமைக்க மறுப்பது வடிவமைப்பாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

எப்போது, எப்படி மாற்றுவது

தீபாவளி நெருக்கத்தில் புதிய திரையைக் கையில் கொடுக்கக் கூடாது. கல்யாணமும் பண்டிகையும் நெருக்காத இரண்டு வாரங்கள் எவை என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அதற்கு முன் டேப்லெட் அளவுக்குக் காகிதத்தில் வரைந்து, அட்டையில் ஒட்டி, மேனேஜரிடம் கொடுத்து ஒரு சனிக்கிழமை மாலை அவரோடு தளத்தில் நடக்கலாம். எந்தக் கட்டத்தை அவர் பார்க்கிறார், எதைப் பார்க்காமலே முடிவெடுக்கிறார் என்பது அந்த மாலையிலேயே தெரிந்துவிடும். பார்க்காத கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடலாம். மடிப்பவரிடமும் எடுத்துப் போடுபவரிடமும் அதே காகிதத்தைக் காட்ட வேண்டும். எந்த எண் தவறாக ஏறும் என்று அவர்கள் உடனே சொல்வார்கள்.

பிறகு ஒரே ஒரு தளத்தில் தொடங்கலாம். பழைய தரவரிசையை முதலாளி கட்டாயம் கேட்பார். அதை அலுவலகக் கணினியில் மூன்று மாதம் வைத்திருந்து, பக்கத்திலேயே பட்டையோடு கூடிய புதிய படத்தையும் வைக்க வேண்டும். சென்ற மாதம் முதலிடத்தில் இருந்தவர் இந்த மாதம் எங்கே இருக்கிறார் என்று முதலாளியே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பெயர்கள் மாதாமாதம் மேலும் கீழுமாகப் புரளுவதைப் பார்த்த பிறகு அந்தப் பட்டியலுக்காக யாரும் வாதாடமாட்டார்கள். புதிய திரை வேலை செய்கிறதா என்பதை அதை எத்தனை முறை திறந்தார்கள் என்று எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. ஆள் வேண்டும் என்று கேட்ட பிரிவுக்கு எத்தனை நிமிடத்தில் ஆள் போனது, "இல்லை" என்று பதிவான சரக்கில் எத்தனை மறுவாரம் அலமாரிக்கு வந்தது, தவறாக ஏறிய பில்களில் எத்தனை திருத்தப்பட்டன, தீபாவளி முடிந்த பிறகும் வேலையில் தொடர்கிறவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு கணக்குகளையும் ஓராண்டு எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.